பூட்டுக்கு வாடகை

போன மாதம் ஓய்வூதியர் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். போனில் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், "அண்ணாச்சி, இதுல மேல ஒரு பூட்டுப் படம் தெரியுதே, அதை யாரு போடுதா? அதுக்குத் துட்டு யாரு குடுக்கா?" என்று கேட்டார். கருவூலத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்பதால், பூட்டு, சாவி என்றாலே எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

"இப்போ யாரும் குடுக்கிறதில்லை. ஒரு காலத்தில் குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தத் துட்டைக் கொடுக்க வேண்டாம் என்று ஒருமுறை தடுத்தவன் நான்தான். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

1999-ஆம் வருஷம். என் அக்கா மகன் கோவில்பட்டியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். நாலு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன். கடலை மிட்டாயையும் சேவையும் வெளிநாட்டுத் தமிழர்களுக்கு இன்டர்நெட்டில் விற்கலாம் என்று அவனுக்கு ஒரு யோசனை. அமெரிக்காவில் இருந்த அவன் கல்லூரித் தோழன், கிரெடிட் கார்டுப் பணத்தை அங்கிருந்து வசூல் பண்ணித் தருவதாகச் சொல்லியிருந்தான். ஆகவே சைட்டையும் அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் சர்வரில் இடம் வாடகைக்கு எடுத்து வைத்தார்கள். அந்தக் கம்பெனி ஒரு விலைப்பட்டியல் அனுப்பியது. சாதாரண இடத்துக்கு ஒரு வாடகை. கார்டு எண்ணைப் பூட்டி வாங்கும் 'செக்யூர் சர்வர்' வேண்டுமென்றால் மாதம் 25 டாலர் கூடுதல். காரணமும் சொல்லியிருந்தார்கள்: அந்தப் பூட்டு காப்புரிமை பெற்றது, அதற்கு உரிமம் பெற்ற மென்பொருளை விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம் என்று.

வருஷத்துக்கு 300 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 13,000 ரூபாய். "என்ன மாமா செய்ய?" என்று பட்டியலை என்னிடம் கொண்டுவந்தான். கரிசல்காட்டில் மழையைப் பார்த்துத்தான் விதைப்பார்கள், விளைச்சலைப் பார்த்துத்தான் செலவு செய்வார்கள். நானும் அதே புத்தியில், "முதல்ல யாவாரம் ஆகட்டும்டா. வீட்டுல ஒண்ணுமில்லாம பூட்டுக்கு என்னத்துக்கு 13,000?" என்றேன். எவனோ ஒருவன் பெருக்கல் கணக்குக்கு வாடகை கேட்கிறானே என்ற எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

அந்தப் பெருக்கல் கணக்கின் கதை 1977-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரொனால்ட் ரிவெஸ்ட், அடி ஷமீர், லியோனார்ட் ஆடில்மன் என்று மூன்று பேர். அவர்கள் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் ஆர்.எஸ்.ஏ. என்கிறார்கள். அவர்கள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 61-ஐயும் 53-ஐயும் பெருக்கினால் 3,233. நிமிஷத்தில் போட்டுவிடலாம். ஆனால் வெறுமனே 3,233-ஐக் கொடுத்து, எந்த இரண்டு எண்ணைப் பெருக்கினேன் என்று கேட்டால் காகிதமும் பென்சிலும் தேடவேண்டும். எண்கள் நூறு நூற்றைம்பது இலக்கத்தில் இருந்தால், பெரிய கம்ப்யூட்டரும் விழிபிதுங்கிப்போகும். பெருக்கி வந்த எண்ணை ஊரறியக் கொடுக்கலாம்; அது திறந்து கிடக்கும் பூட்டு மாதிரி. யார் வேண்டுமானாலும் தன் பெட்டிக்கு அதைப் போட்டு அமுக்கிப் பூட்டிவிடலாம். திறக்கும் சாவி, அந்த இரண்டு எண்களையும் தெரிந்தவனிடம் மட்டும் இருக்கும். முன்பின் பார்த்திராத இரண்டு பேர் ரகசியமாகப் பேசுவதற்கு, முன்கூட்டியே சாவியைக் கைமாற்ற வேண்டியதில்லை. பாரிஸில் இருப்பவன் கோவில்பட்டிக் கடைக்குக் கார்டு எண்ணை அனுப்ப முடிவது இதனால்தான்.

(பிரிட்டிஷ் உளவுத்துறையில் கிளிஃபர்ட் காக்ஸ் என்பவர் 1973-லேயே இதைக் கண்டுபிடித்து, ரகசியம் என்பதால் வாய் திறக்காமல் இருந்தார் என்பது 1997 டிசம்பரில்தான் வெளியே வந்தது. அரசு ஊழியர் படும் பாடு எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.)

காப்புரிமை விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இந்தச் சொல்லோடு ஒரு பழைய தகராறு உண்டு. அப்பா ஊர் கோவில்பட்டிப் பக்கம் என்றாலும் நான் வளர்ந்தது புதுச்சேரியில் அம்மா வீட்டில், படித்தது பிரெஞ்சு வழியில். அங்கே 'பிரெவே' என்றால் பள்ளிப் பரீட்சை தேறிய சான்றிதழ். "பையன் பிரெவே முடித்துவிட்டான்" என்று தாத்தா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். அதே பிரெவேதான் பிரெஞ்சில் கண்டுபிடிப்பின் காப்புரிமைக்கும் பெயர். நீ படித்துத் தேறினாய் என்று அரசாங்கம் கொடுக்கும் காகிதம் ஒன்று. இன்னொருவன் இதைச் செய்யக்கூடாது என்று அதே அரசாங்கம் கொடுக்கும் காகிதம் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று வாத்தியாரைக் கேட்டேன். உட்காரச் சொன்னார்.

எம்.ஐ.டி. 1977 டிசம்பர் 14-இல் விண்ணப்பம் போட்டது. 1983 செப்டம்பர் 20-இல் 4,405,829 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, கொடுத்த நாளிலிருந்து 17 வருஷம் அது செல்லும். கோப்பு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் ஒரு தேதி இடிக்கும். விண்ணப்பம் டிசம்பரில். ஆனால் அதே வருஷம் ஆகஸ்டிலேயே மார்ட்டின் கார்ட்னர், 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் தன் கணிதப் பகுதியில் இந்த முறையை உலகத்துக்கே சொல்லிவிட்டார். ஒரு விஷயத்தை வெளியிட்ட பிறகும் ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்று அமெரிக்கச் சட்டம் சலுகை தருகிறது. மற்ற பெரும்பாலான நாடுகளில் வெளியே வந்த விஷயம் வந்ததுதான். பிறகு காப்புரிமை கேட்க முடியாது. ஆக அந்தப் பூட்டு அமெரிக்காவில் மட்டும் சொத்து. எல்லை தாண்டினால் பொதுச் சாலை.

மூன்று பேரும் ஆரம்பித்த ஆர்.எஸ்.ஏ. டேட்டா செக்யூரிட்டி கம்பெனிக்கு எம்.ஐ.டி. அந்த உரிமத்தைக் கொடுத்தது. ஆரம்பத்தில் வாங்க ஆளில்லாமல் கம்பெனி தள்ளாடியது. 1986-இல் ஜிம் பிட்ஸாஸ் என்பவர் நிர்வாகத்துக்கு வந்து, லோட்டஸ் மாதிரியான பெரிய கம்பெனிகளிடம் உரிமத்தை விற்று நிமிர்த்தினார். ஆனால் இணையக் கடைகள் வந்த பிறகுதான் உண்மையான அறுவடை. நெட்ஸ்கேப் கம்பெனி ஆர்.எஸ்.ஏ.யிடம் உரிமம் வாங்கி எஸ்.எஸ்.எல். என்ற முறையை உண்டாக்கி, பூட்டுள்ள சர்வர் மென்பொருளை 1994 டிசம்பரில் 5,000 டாலர் விலையில் விற்க வந்தது.

அடுத்த வருஷமே அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் இலவசமாக வந்து ஓராண்டில் உலகத்தில் முதலிடம் பிடித்தது. அதற்குப் பூட்டு இல்லை. ஆஸ்திரேலியாவில் எரிக் யங் என்பவர் டிம் ஹட்சனோடு சேர்ந்து எஸ்.எஸ்.எல்.ஈ என்ற பூட்டு நிரலைத் தானாகவே எழுதி இலவசமாக விட்டார். இங்கிலாந்தில் பென் லாரி அதை அப்பாச்சியோடு இணைத்துக் கொடுத்தார். இதுவும் இலவசம்தான். ஆனால் அமெரிக்காவில் வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் காப்புரிமை மீறல். ஆர்.எஸ்.ஏ.யே ஒரு இலவச நிரல்தொகுப்பு கொடுத்திருந்தது. நிபந்தனை, வியாபாரத்துக்குக் கூடாது. கோயில் பூஜை நேரத்தைப் பூட்டி வைக்கலாம், கடலை மிட்டாய் விற்கக்கூடாது.

இந்த இடுக்கில் பிழைத்த கம்பெனிகள் சில. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் சமீர் பரேக் என்ற இளைஞர் நடத்திய சி2நெட் அதில் முக்கியமானது. அப்பாச்சியோடு பூட்டைச் சேர்த்து, ஆர்.எஸ்.ஏ.க்குக் கட்டவேண்டியதைக் கட்டி, 'ஸ்ட்ராங்ஹோல்ட்' என்ற பெயரில் விற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், பூட்டு நிரலை அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதி செய்ய ஆயுத ஏற்றுமதி போலக் கட்டுப்பாடு இருந்ததால், அதை எழுதும் வேலையை அமெரிக்காவுக்கு வெளியே வைத்துக்கொண்டார்கள். வெளியே எழுதி, உள்ளே கொண்டுவந்து, உள்ளே இருப்பவனிடம் காப்புரிமைக் காசு வாங்கவேண்டும். என் அக்கா மகனுக்கு வந்த 25 டாலர், இப்படி ஏதோ ஒரு மென்பொருளின் விலையிலிருந்து சில்லறையாகப் பிரிந்து வந்ததுதான்.

அதே சைட்டை லண்டனில் ஒரு சர்வரில் வைத்திருந்தால் அந்தக் காசு கட்டவேண்டிய சட்டமே இல்லை. இது எனக்குத் தெரிந்தபோது பத்து வருஷம் ஓடிவிட்டது.

சரி, நம் நாட்டில்? ஆர்.எஸ்.ஏ.க்கு இங்கே காப்புரிமை கிடையாது. பூட்டு இலவசம். ஆனால் நம்மவர்கள் வேறு விதமாகக் கையைக் கட்டினார்கள். 1998-க்குப் பின் இணையச் சேவைக் கம்பெனிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறை கொடுத்த உரிமத்தில் ஒரு நிபந்தனை: ஆர்.எஸ்.ஏ. முறையிலோ அதற்குச் சமமான வேறு முறையிலோ 40 பிட் நீளச் சாவி வரை அனுமதியில்லாமல் பயன்படுத்தலாம். அதற்கு மேல் வேண்டுமானால் அனுமதி பெற்று, திறக்கும் சாவியை இரண்டு பாகமாகப் பிரித்து அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

இரண்டு பாகம் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கருவூல ஸ்ட்ராங் ரூமுக்கு இரட்டைப் பூட்டு. அலுவலரிடம் ஒரு சாவி, கணக்கரிடம் மறு சாவி. இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். முத்திரைத்தாள் எடுக்கவேண்டிய நாளில் ஒருவர் லீவு போட்டுவிட்டால் எல்லோரும் வாசலில் நிற்போம். அந்த நிபந்தனையை எழுதியவரும் நம்மைப்போல் கதவு வாசலில் நின்ற ஆளாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் வாசகம் தப்பு. 40 பிட் என்பது ஆர்.எஸ்.ஏ.யில் அதிகபட்சம் 13 இலக்க எண். அதைப் பிரிக்க ஒரு சாதாரணக் கம்ப்யூட்டருக்குக் கண் இமைக்கும் நேரம்கூட வேண்டாம். அன்றைக்கே ஆர்.எஸ்.ஏ. சாவிகள் 512, 1024 பிட் என்றுதான் இருந்தன. 40 என்பது செய்தியை மூடும் வேறு வகைச் சாவியின் கணக்கு. அமெரிக்க ஏற்றுமதி விதியில் இருந்த எண்ணைப் பார்த்து, இனம் பிரிக்காமல் எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு வார்த்தை இடம் மாறினால் ஓய்வூதியமே மாறிப்போகும் கோப்புகளைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இது சின்னப் பிழை அல்ல. வருஷக்கணக்கில் அது அப்படியே இருந்தது. 2001 ஜூனில் ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்று சொன்னது. ஒரு துறை 40-க்கு மேல் கூடாது என்கிறது, இன்னொன்று 128-க்குக் கீழ் கூடாது என்கிறது.

அந்த இன்னொரு வகை 40 பிட் சாவியும் எவ்வளவு தாங்கும் என்பதை 1995 ஆகஸ்டில் ஒரு பிரெஞ்சுக்காரர் காட்டினார். ஆராய்ச்சி நிறுவனமான இன்ரியாவில் இருந்த தாமியேன் தொலிழேஸ், 120 கம்ப்யூட்டர்களை ஓட்டி எட்டே நாளில் ஒரு நெட்ஸ்கேப் செய்தியின் பூட்டை உடைத்தார். அப்படிப்பட்டவர் இருந்த நாட்டிலேயே 1999 வரை 128 பிட் பூட்டைப் பொதுமக்கள் தாராளமாக வைத்துக்கொள்ள முடியாது. ரகசிய எழுத்தை 1939-லிருந்து போர்த் தளவாடப் பட்டியலில் வைத்திருந்தார்கள். 1999 ஜனவரியில் பிரதமர் ழொஸ்பேன் தளர்த்துவதாக அறிவித்தார்.

பிரான்சைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம், எங்கள் கடலை மிட்டாயின் முதல் வாடிக்கையாளர் பாரிஸ்காரர். என் சித்தி மகன். 1962-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தை ஒட்டிப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துப் போன குடும்பம். "அண்ணன் சொல்கிறீர்களே" என்று எனக்காக வாங்கினான். பூட்டு இல்லாத சைட்டில் கார்டு எண்ணை எப்படி வாங்குவது? அதற்கும் நான்தான் வழி சொன்னேன். முதல் எட்டு இலக்கத்தை ஒரு மின்னஞ்சலில், மீதி எட்டை இன்னொன்றில் அனுப்பச் சொல். கருவூல இரட்டைப் பூட்டு! எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. இரண்டு சாவியும் ஒரே பையன் கையில், ஒரே கவரில்லாத தபாலில், ஒரே பெட்டிக்குப் போகிறது என்பது உறைக்கவில்லை.

2000 மார்ச்சில் சித்தி மகன் போன் பண்ணினான். அவன் வாங்காத பொருட்களுக்கு 2,400 பிராங்க் போயிருந்தது. அந்தச் சமயம் பாரிஸ் பத்திரிகைகளில் செர்ழ் ஹும்பிஷ் வழக்கு அடிபட்டுக்கொண்டிருந்தது. வங்கி அட்டைகளுக்குள் இருந்த 320 பிட் ஆர்.எஸ்.ஏ. எண்ணை இரண்டாகப் பிரித்து, போலி அட்டையில் மெட்ரோ டிக்கெட் எடுத்துக் காட்டிய பொறியாளர். பிப்ரவரியில்தான் அவருக்குத் தண்டனை அறிவித்திருந்தார்கள். கார்டு என்றாலே பயந்திருந்த நேரம். "நீங்கள் பூட்டுப் போட்டுத்தானே வாங்கினீர்கள்?" என்று கேட்டான். நான், "அதெல்லாம் அமெரிக்கக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது" என்றேன். பொய் என்று சொல்லமுடியாது. உண்மை என்றும் சொல்லமுடியாது. ஆபீஸில் ஆடிட் கேள்விக்கு எழுதும் பதில் மாதிரி ஒன்று.

எண் எங்கே கசிந்தது என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் மின்னஞ்சலில்தான் போனது என்று நிரூபிக்க முடியாது. அவன் வேறு கடைகளிலும் கொடுத்திருக்கலாம். 300 டாலர் கட்டியிருந்தாலும் அவனுடைய பிரவுசருக்கு அன்று கிடைத்திருக்கக்கூடியது 40 பிட் பூட்டுத்தான் என்றும் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் ஒரு கார்டு எண்ணுக்காக எந்தத் திருடனும் எட்டு நாள் 120 கம்ப்யூட்டரை ஓட்டமாட்டான். திறந்து கிடக்கும் கவரைப் படிப்பான். என் சமாதானம் அந்த இடத்தோடு நின்றுவிடும்.

மே மாதம் அக்கா மகன் சைட்டை மூடினான். செப்டம்பர் 6-ஆம் தேதி, காப்புரிமை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, ஆர்.எஸ்.ஏ. கம்பெனி தானாகவே அதைப் பொதுவில் விட்டுவிடுவதாக அறிவித்தது. வாடகை வீட்டைக் காலிசெய்யப் போகிறவர் கடைசி நாளில் தோட்டத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல. செப்டம்பர் 20 வந்திருந்தால் எப்படியும் போயிருக்கும். அதன்பிறகு அந்தக் காப்புரிமைக்கென்று காசு கேட்க யாராலும் முடியவில்லை. 2002-இல் வந்த அப்பாச்சியின் இரண்டாம் பதிப்பில் பூட்டும் சேர்ந்தே வந்தது.

இதைவிடப் பெரிய விட்டுக்கொடுப்பு ஒன்று எங்கள் ஊர்த் தொழிலின் சரித்திரத்தில் இருக்கிறது. பழைய தீக்குச்சிகளில் வெள்ளைப் பாஸ்பரஸ். அதில் வேலை செய்தவர்களுக்குத் தாடை எலும்பு அழுகிப்போகும். 1898-இல் செவேன், காயேன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஆபத்தில்லாத வேறொரு பாஸ்பரஸ் சேர்மத்தில் குச்சி செய்தார்கள். அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை டைமண்ட் மேட்ச் கம்பெனியிடம் இருந்தது. மற்ற ஆலைகள் காப்புரிமைக்குப் பயந்து வெள்ளைப் பாஸ்பரஸையே பிடித்துக்கொண்டிருந்தன. குடியரசுத் தலைவர் டாஃப்ட் கேட்டுக்கொள்ள, 1911 ஜனவரியில் கம்பெனி காப்புரிமையை எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தது. ஏகபோகம் என்று வழக்கு வருமோ என்ற பயமும் உள்ளே உண்டு, வெறும் தர்மம் அல்ல. ஆனாலும் அதற்குக் காலம் பாக்கி இருந்தபோது கொடுத்தார்கள். இந்தியாவிலும் 1913-இல் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிக்குத் தடைச் சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்தபோது அந்த விஷம் சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது. கோவில்பட்டியில் குச்சி அடுக்கிய பெண்களின் தாடை பிழைத்ததில் அதற்கும் பங்குண்டு.

நம் சட்டம் பிறகு என்ன செய்தது என்பதையும் சொல்லவேண்டும். 2002 திருத்தத்தில், கணித முறை, அல்காரிதம், தனியாக ஒரு கம்ப்யூட்டர் நிரல் இவற்றுக்குக் காப்புரிமை கிடையாது என்று 3(கே) பிரிவில் எழுதினார்கள். 2004 டிசம்பர் 26-இல் ஓர் அவசரச் சட்டம் அந்த வாசலைக் கொஞ்சம் திறந்துவிட்டது: தொழிலில் பயன்படும் நிரலுக்கும், கருவியோடு சேர்ந்த நிரலுக்கும் காப்புரிமை உண்டு என்று. தேதியைப் பாருங்கள். நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் கடல் ஏறிய அதே நாள். அன்று எந்தத் தமிழன் அரசிதழைப் படித்திருப்பான்? 2005 மார்ச்சில் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்ததால் அந்த வரி கைவிடப்பட்டது. பழைய வாசகமே நிற்கிறது. அதைச் சுற்றி வழக்கறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அக்கா மகன் இப்போது வேறு தொழிலில் இருக்கிறான். அவன் மகள் கடலை மிட்டாயை ஆன்லைனில் விற்கிறாள். 2020-இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது தனி ஆள் சொத்து இல்லை, இந்த வட்டாரத்தில் முறைப்படி செய்கிறவர்கள் எல்லோருக்கும் பொது. அவளுடைய சைட்டில் பூட்டு இருக்கிறதே, எவ்வளவு கட்டுகிறாய் என்று கேட்டேன். "எதுக்குத் தாத்தா கட்டணும்?" என்றாள்.

சித்தி மகனுக்கு வங்கி பாதிப் பணத்தைத்தான் திருப்பிக் கொடுத்ததாம். அதன்பிறகு பொங்கலுக்கு வாழ்த்து அட்டை மட்டும் வரும், சில வருஷமாக அதுவும் இல்லை. 25 டாலர் விஷயத்தை நான் அவனிடம் சொன்னதே இல்லை. அவன் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், இந்தப் பக்கத்துக்கு வரமாட்டான். இதையே பிரெஞ்சில் எழுதி அவனுக்குத் தபாலில் அனுப்ப நேற்று உட்கார்ந்தேன். காப்புரிமை என்ற இடத்தில் பிரெவே என்று எழுதிவிட்டு, தாத்தா ஞாபகம் வந்து, அதோடு எடுத்து வைத்துவிட்டேன். நாளைக்கு முடித்துவிடுவேன்.